ஒன்பது அங்குலச் சுவர்

மே 6, திங்கள்

ஹால் முடிந்தது. இந்த வாரியக் குடியிருப்பு கட்டி முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. எங்கள் பி பிளாக்கில் மட்டுமல்ல, மொத்தக் காலனியிலும், ஏன், கால்வாய்க்கு இந்தப் பக்கம் எங்குமே இப்படி ஒரு ஹால் கிடையாது. முன்னறை ஒன்பது அடி, பின்னறை ஒன்பது அடி என்று இரண்டு தீப்பெட்டிகளாக இருந்த வீடு, இப்போது வாசலில் நின்றால் பின்சன்னல் வரை ஒரே பார்வை. ஆறு பேர் வரிசையாகப் படுத்தாலும் ஏழாவது ஆள் புரண்டு படுக்க இடம் இருக்கிறது.

எல்லாம் என் மனைவி கோமளாவின் தம்பி சம்பந்தம் என்பவனால் வந்தது. தாம்பரத்தில் வீடு கட்டினாலும் கட்டினான், பொங்கலுக்கு வந்தவன் உட்கார்ந்த இடத்திலிருந்து, "மாமா, கால நீட்டினா சமையல்கட்டுல போய் இடிக்குது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கோமளாவும் சிரித்தாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

கொத்தனார் பச்சையப்பன் பாதி வேலையில் ஊரில் திருவிழா என்று போய்விட்டார். மீதியை நானே முடித்தேன். மஸ்கட்டில் ஆறு வருடம் நான் பார்க்காத சுவரா. அங்கே பதினெட்டு அங்குலச் சுவரை ஒரு மதியத்தில் இறக்கியிருக்கிறேன். அரபிக்காரர் கைகொடுத்து, "ஏகாம்பரம், உன்னைப் போல ஒருத்தன் இல்லை" என்றார்.

யாரிடமும் இன்னும் காட்டவில்லை. டைல்ஸ் போடுகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை மாடிக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, கேசரி கொடுத்து, கதவைத் திறக்கப் போகிறேன். இந்த டைரி டைல்ஸ் கடைக்காரர் கொடுத்தது. நான் படித்தது எட்டாவதுதான், ஆனால் அது அந்தக் காலத்து எட்டாவது.

மே 8, புதன்

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது 'டக்' என்று ஒரு சத்தம். புது டைல்ஸில் ஒன்று நடுவில் தூக்கிக்கொண்டு நிற்கிறது. வெயில்தான் காரணம். நூற்றெட்டு டிகிரி என்று டிவியில் சொன்னார்கள். எங்கள் வாசலில் நிச்சயம் நூற்றுப்பதினைந்து இருக்கும்.

மாலையில் சுகந்தி இறங்கி வந்தாள். என் தங்கை மகள். எங்களுக்கு நேர்மேலே முதல் மாடியில் புருஷன், இரண்டு பெண் குழந்தைகளோடு இருக்கிறாள். அந்த வீட்டை அவளுக்கு வாங்கிக் கொடுக்க நான் ஏறாத ஆபீஸ் இல்லை. (மூன்று ஆபீஸ்.) நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன், ஹால் தெரிந்துவிடக்கூடாதே. அவள் பீரோ கதவு தானாகத் திறந்துகொள்கிறதாம். மூடி வைத்தால் மெல்ல மெல்லத் திறக்கிறதாம். பீரோவின் கால் பழசாகிவிட்டது, அட்டை மடித்து வை என்றேன். வைத்தாளாம், இப்போதும் திறக்கிறதாம்.

மே 9, வியாழன்

கோமளா இன்று மூன்று முறை பெருக்கினாள். மூன்று முறையும் முறத்தில் வெள்ளைத் தூள்.

மே 11, சனி

இரண்டாம் மாடி மஸ்தான் பாய் ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். என் கதைகளைக் கேட்டுச் சிரிப்பதற்காகவே தினம் மாலையில் என்னை டீக்குக் கூப்பிடுகிறவர். இன்று சிரிக்கவில்லை. பாத்ரூம் கதவு நிலையில் சிக்கிக்கொண்டு அவர் மனைவி ஹாஜிராம்மா அரை மணி நேரம் உள்ளே மாட்டிக்கொண்டாராம். படிக்கட்டுச் சுவரிலும் விரலை வைத்துக் காட்டினார். முதல் மாடியிலிருந்து மூன்றாம் மாடி எஸ்தர் டீச்சர் வாசல் வரைக்கும் படிப்படியாகச் செங்கல் இடுக்கைப் பிடித்து ஏறுகிறது ஒரு விரிசல்.

இது பூமிக்குள் தண்ணீர் வற்றியதால் வருவது, மஸ்கட்டில் நிறையப் பார்த்திருக்கிறேன் என்றேன். பாய் வாரிய ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

நாளைக்கு வைத்திருந்த விருந்தைத் தள்ளி வைத்தேன். கரிநாள் என்று சொன்னேன். கோமளா காலண்டரைப் பார்த்தாள்.

மே 13, திங்கள்

வாரியத்திலிருந்து இஞ்சினியர் வந்தார். ஒரு பெண். இருபத்தாறு வயதுதான் இருக்கும். மாடி மாடியாக ஏறி, சுவரைத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். சுகந்தி வீட்டுச் சுவரில் விரிசலுக்குக் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையிலும் பிளாஸ்டர் மாவு பூசி ஒட்டினார். பக்கத்தில் பென்சிலால் தேதி போட்டார். கண்ணாடி உடைந்து விட்டுப்போனால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம், உடனே போன் செய்யுங்கள் என்று சுகந்தியிடம் நம்பர் கொடுத்தார்.

பிறகு என்னைப் பார்த்து, "சார், கீழ்வீட்டப் பாக்கணும்" என்றார். கோமளா குளிக்கிறாள் என்றேன். சரி, நாளைக்குப் பத்து மணிக்கு வருகிறேன் என்று போய்விட்டார்.

இதை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். பச்சையப்பன் திருவிழாவுக்குப் போகவில்லை. முதல் நாளே சுவரின் ஓரத்தைக் கொத்திப் பார்த்து, டேப்பை வைத்து அளந்து, என்னைத் திரும்பிப் பார்த்தார். "சார், இது நாலரை இஞ்ச் தடுப்புச் செவுரு இல்ல. ஒம்போது இஞ்ச். மேல இருக்கற மூணு வீடும் இதும்மேலதான் ஒக்காந்துனு கீது. நான் கை வெக்க மாட்டேன்." மஸ்கட் கதையைச் சொன்னேன். கேட்டார். கரணையைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு ஆறு நாள் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு நான்தான் சம்மட்டியால் அடித்தேன். ஒவ்வொரு செங்கல்லும் விழும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

மே 14, செவ்வாய்

மூளை என்று ஒன்று இருந்தால் அது என்னிடம்தான் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு ரேஷன் கடை மரத்தில் வேப்பிலை ஒடித்து வந்து நிலைப்படியில் சொருகினேன். வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். கோமளாவுக்கு அம்மை வார்த்திருக்கிறது என்று அறிவித்துவிட்டேன். கத்திரி வெயிலில் இது நடக்காத காரியமா.

கோமளா என் கையைப் பிடித்தாள். "ஏங்க, ஆத்தா பேரச் சொல்லியா பொய் சொல்லுவீங்க? நான் நல்லாத்தானங்க இருக்கேன்." ஒரு வாரம்தான், அதற்குள் நான் ஒரு வழி பண்ணிவிடுவேன் என்றேன். என்ன வழி என்று கேட்டாள். மஸ்கட்டில் என்று ஆரம்பித்தேன். அவள் பின்பக்கம் போய்ப் படுத்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு இஞ்சினியர் வந்தார். வேப்பிலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு மூன்றடி தள்ளி நின்று, கதவைப் பார்த்துக் கும்பிட்டார். மூன்றாம் தண்ணீர் எப்போது ஊற்றுகிறீர்கள் என்று கேட்டார். வரும் செவ்வாய் என்றேன். அப்படியானால் புதன்கிழமை வருகிறேன், அதுவரை மேல்வீட்டுக்காரர்கள் யாராவது வெளியே போய்த் தங்க முடிந்தால் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார்.

எப்பேர்ப்பட்ட வெற்றி.

மே 15, புதன்

நான் யோசிக்காத ஒன்று நடந்துவிட்டது.

சுகந்தி குடும்பம் நாளைக்கு அரக்கோணம் போக வேண்டியது. நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். லீவு முடியும் வரை அங்கேயே இருப்பதாகத் திட்டம். எனக்கு அதுதான் தைரியம். மேலே அந்த நான்கு பேர் இல்லையென்றால் பாதி பாரம் என் மனசை விட்டு இறங்கும் என்று நினைத்திருந்தேன். காலையில் வாசலுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தாள். "மாமா, நாங்க போகல. ஆத்தா வந்திருக்கறப்ப ஊர் தாண்டுனா தப்பு. அத்தைக்கு மூணாந்தண்ணி ஊத்தாம நாங்க படியிறங்க மாட்டோம்."

போம்மா, ஒன்றும் ஆகாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நீங்களே இப்படிச் சொல்லலாமா என்று என்னையே கண்டித்தாள். அவள் வீட்டிலும் இன்று முதல் தாளிப்பு கிடையாதாம், மீன் கிடையாதாம்.

மதியம் ஹாஜிராம்மா எட்டு இளநீர் அனுப்பினார். எஸ்தர் டீச்சர் கோமளாவுக்காக ஜெபம் பண்ணுகிறாராம். கோமளா அந்த இளநீரைத் தொடவில்லை. வரிசையாகச் சுவரோரம் வைத்திருக்கிறாள். சுவர் இருந்த இடத்தோரம்.

மே 16, வியாழன்

குழந்தைகள் ஊருக்குப் போகாததால் வீட்டுக்குள்ளேயே கயிறு தாண்டுகிறார்கள். என் தலைக்கு நேர்மேலே. தொம், தொம், தொம். ஒவ்வொரு தொம்முக்கும் மேல்தளத்திலிருந்து ஒரு சிட்டிகைத் தூள் இறங்குகிறது, உப்பு தூவுவது போல. நான் நூறு வரை எண்ணினேன். பெரியவள் அதையும் தாண்டினாள். அவளுக்கு அவ்வளவு தம் என்று எனக்குத் தெரியாது.

மேலே ஏறிப் போய், கயிறு தாண்டினால் உயரம் குறைந்துவிடும், ஜப்பானில் தடை செய்துவிட்டார்கள் என்றேன். சின்னவள் சிரித்தாள். "தாத்தா, அன்னிக்கு கயிறு தாண்டினா உயரமா ஆவேன்னு நீங்கதான சொன்னீங்க." கயிறை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பத்து நிமிடத்தில் வேறு ஏதோ கயிற்றில் ஆரம்பித்துவிட்டார்கள்.

வீட்டுக்குள் நடக்கும்போது நான் இப்போது ஓரமாகவே நடக்கிறேன். பதினெட்டு அடி ஹால் கட்டிவிட்டு, ஓரத்தில் ஒட்டி ஒட்டி. கோமளா பாயை வாசல் கதவுக்கு அருகில் போட்டுக்கொண்டாள். கேட்டால் காற்று வருகிறது என்கிறாள்.

மே 17, வெள்ளி

மேல்தளத்தின் நடுவில் ஒரு கோடு. காலையில் நூல் போல இருந்தது. மாலையில் அதற்குள் பத்து ரூபாய் நோட்டைச் சொருகிப் பார்த்தேன். போயிற்று.

மே 18, சனி

காலையில் சுகந்தி படியில் உட்கார்ந்திருந்தாள். முகம் சரியில்லை.

"மாமா, கண்ணாடி விட்டுப்போச்சு."

நான் போய்ப் பார்த்தேன். குறுக்கே சுத்தமாக உடைந்து, இரண்டு துண்டும் இரண்டு பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நடுவில் ஒரு அரிசி நுழையும் இடைவெளி. அந்த இஞ்சினியர் அம்மாவுக்குப் போன் பண்ணட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். இது வெயிலில் விடுகிற கண்ணாடி, மலிவுச் சரக்கு, இன்றைக்குச் சனிக்கிழமை வேறு, யாரும் எடுக்கமாட்டார்கள் என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது. நாக்கு தானாகப் பேசியது. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது போல இருந்தது.

அவள் நம்பினாள். போனைக் கீழே வைத்துவிட்டாள். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னதை எல்லாம் நம்புகிற ஒரே ஆள் இவள்தான். அப்பன் இல்லாத பெண். கடலுக்கு அடியில் நான் மூன்று நிமிடம் மூச்சடக்கினேன் என்பதை இன்றைக்கும் நம்புகிறாள்.

மாலையில் இன்னொரு வழி பார்த்தேன். அத்தைக்கு அம்மை இறங்கிவிட்டது, நீங்கள் அரக்கோணம் கிளம்பலாம் என்றேன். அப்படியா, அப்படியானால் நாளைக்கு வந்து அத்தையைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறோம் என்றாள். இல்லை, இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றேன். என்னை உற்றுப் பார்த்தாள்.

கோமளாவிடம் சொன்னேன். "நாளைக்கு அவ வரட்டும்" என்றாள்.

மே 19, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு வேப்பிலையைப் பிடுங்கினேன். படிக்கட்டில் நின்று எல்லோரையும் கூப்பிட்டேன். சுகந்தி, அவள் புருஷன் தயாளன், மஸ்தான் பாய், ஹாஜிராம்மா எல்லோரும் வந்து நின்றார்கள். எஸ்தர் டீச்சர் மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

நான் சொன்னேன். கோமளாவுக்கு அம்மை இல்லை. விரிசலுக்குக் காரணம் வெயில் இல்லை, தண்ணீர் வற்றியதும் இல்லை. நடுச்சுவரை நான் இடித்துவிட்டேன். அது ஒன்பது அங்குலச் சுவர். எல்லோரும் இப்போதே கீழே இறங்குங்கள்.

மஸ்தான் பாய் சிரித்துவிட்டார். "நீ ஆணி அடிச்சாலே செவுத்துல நிக்காது. நீ செவுத்த இடிச்சியா? மஸ்கட்டுலயா?" தயாளனும் சிரித்தான். எஸ்தர் டீச்சர் உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டார். சுகந்தி மட்டும் சிரிக்கவில்லை. அத்தைக்கு அம்மை இல்லையா என்றுதான் கேட்டாள்.

இன்னும் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ விஷயத்துக்கு எத்தனையோ விதமாகச் சொல்லத் தெரிந்த எனக்கு, இதைச் சொல்ல ஒரு விதம்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட்டேன். கதவைத் திறந்து, விலகி நின்றேன்.

உள்ளே கோமளா துடைப்பத்தோடு நின்றிருந்தாள். முகத்தில் ஒரு அம்மை முத்து கூட இல்லை. மஸ்தான் பாய் முதலில் நுழைந்தார். வாசலிலிருந்து பின்சன்னல் வரை பார்த்தார். "ஹால் நல்லாத்தான் கீது, ஏகாம்பரம்" என்றார். நான் நாலு மாதமாகக் கேட்கக் காத்திருந்த வார்த்தை. பிறகு தலையைத் தூக்கினார்.

தளம் நடுவில் தொங்கிப் போயிருந்தது. ஈரத்துணி கொடியில் தொங்குமே, அப்படி. விரிசலுக்குள் கம்பி தெரிந்தது. பாய் திரும்பவில்லை. வந்த வழியே, பின்பக்கமாகவே, ஒவ்வொரு அடியாக வெளியே போனார். வாசலைத் தாண்டியதும் தன் மனைவியின் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

சுகந்தி அங்கேயே நின்றாள். மேலே பார்த்தாள்.

"இதுக்கு மேலதான என் புள்ளைங்க கயிறு தாண்டுச்சுங்க."

அதை அவள் என்னிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவள் ஓடிய வேகம். தயாளன் சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். பெரியவள் தட்டில் இருந்த இட்லியோடு வந்தாள். எஸ்தர் டீச்சரைக் கூட்டி வரப் பாய் திரும்ப வந்தார். நான் போகிறேன் என்றேன். "நீ நில்லு" என்று மேலே ஏறிப்போய் டீச்சரின் கதவை உதைத்தார். டீச்சர் இறங்கிக்கொண்டிருந்தபோது உள்ளே ஏதோ பெரிதாக முறிந்தது. படிக்கட்டு முழுக்கப் புழுதி. அதற்குள்ளிருந்து டீச்சர் வந்தார், பைபிளும் கேஸ் சிலிண்டர் புத்தகமும் கையில். பக்கத்து பிளாக்குக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள்.

சுகந்தி அந்த நம்பருக்குப் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை. இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார்கள்.

மே 20, திங்கள்

லாரியில் இரும்பு ஜாக்கிகளும் சவுக்கு மரங்களும் வந்தன. விழாமல் முட்டுக் கொடுத்துப் பார்க்கலாம், முடியாவிட்டால் மற்ற பிளாக்குகளையும் காலி செய்யவேண்டும் என்றார்கள். ஆறு ஆட்கள் உள்ளே போகத் தயாராக நின்றார்கள். இஞ்சினியர் நோட்டோடு என்னிடம் வந்தார். எவ்வளவு எடுத்தீர்கள் என்று கேட்டார்.

"ஒரு மூணு அடி இருக்கும் மேடம். ஓரமா."

அவர் எழுதவில்லை. "சார், நீங்க சொல்ற அளவ வெச்சுத்தான் என் ஆளுங்க அடியில போய் நிக்கப் போறாங்க."

அந்த ஆறு பேரைப் பார்த்தேன். ஒருவன் பீடியை அணைத்துக் காதில் சொருகிக்கொண்டிருந்தான்.

"ஏழடி நாலு அங்குலம். தரையிலேர்ந்து தளம் வரைக்கும். சன்னல் பக்கம் தடிப்பா ஒரு இடம் இருந்துச்சு, அதுலயும் பாதிக்கு மேல எடுத்துட்டேன். எடுத்த எடம் தெரியாம இருக்க சிமெண்ட் பூசி மறைச்சிருக்கேன், அத நம்பி முட்டு வெக்காதீங்க."

எழுதினார். முன்பு கட்டட வேலை பார்த்திருக்கிறீர்களா, மஸ்கட் என்று மேல்வீட்டில் சொன்னார்களே என்றார். சமையல் என்றேன். நூற்றுநாற்பது பேருக்குத் தொழிலாளர் முகாமில் சமையல், ஆறு வருடமும். கோமளா பக்கத்தில்தான் நின்றாள். கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் அவளும் இதை இன்றுதான் கேட்டாள்.

ஆட்கள் உள்ளே போனார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆறு பேரும் வெளியே வந்தபோது நான் திரும்ப எண்ணினேன். ஆறு.

மே 22, புதன்

மாநகராட்சிப் பள்ளியில் ஆறாம் வகுப்பு 'ஆ' பிரிவில் இருக்கிறோம். பெஞ்சுகளை ஒதுக்கி நாலு குடும்பத்துக்கும் நாலு மூலை. என் மீது கேஸ் போடுவார்களாம். வெள்ளிக்கிழமை ஆபீஸுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். சம்பந்தம் போன் செய்து, தாம்பரத்துக்கு வந்துவிடுங்கள், இங்கே ஹால் இருக்கிறது என்றான். கோமளா, இவங்கள விட்டுட்டு நாங்க மட்டும் எங்க வர்றது என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மூன்று நாளாக என்னிடம் யாரும் பேசவில்லை. சாப்பாட்டுப் பொட்டலம் வரும்போது பெரியவள்தான் என் பக்கம் ஒன்றைத் தள்ளிவிட்டுப் போகிறாள்.

இன்று சாயங்காலம் பாய் வந்து எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார். பள்ளிச் சன்னலிலிருந்து எங்கள் பிளாக்கின் மேல்பகுதி தெரிகிறது. சுகந்தியின் துணிகள் இன்னும் கொடியில் கிடக்கின்றன. எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாய் என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"சொல்லுப்பா. நிக்குமா?"

எல்லோரும் திரும்பினார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சுகந்தி முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். நிற்கும் என்று வேண்டும். அசைக்க முடியாது, இன்னும் நூறு வருடம், நான் எத்தனை பார்த்திருக்கிறேன் என்று வேண்டும். பாய்க்கும் அதுதான் வேண்டும். பிறகு சிரித்துக்கொள்ளலாம், திட்டிக்கூடக் கொள்ளலாம். வாய் வரை வந்துவிட்டது.

"எனக்குத் தெரியல" என்றேன்.

பாய் சிறிது நேரம் காத்திருந்தார், நான் இன்னும் ஏதாவது சேர்ப்பேன் என்று. சேர்க்கவில்லை. அவர் மெல்ல எழுந்து தன் மூலைக்குப் போனார். சுகந்தி இரண்டு குழந்தைகளையும் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பெரியவளுக்கு மடி போதவில்லை, கால் வெளியே நீண்டிருந்தது. அதையும் புடவையால் மூடினாள். என் அறுபத்திரண்டு வயதில் எத்தனையோ பேய்க்கதை சொல்லியிருக்கிறேன், எதற்கும் சுகந்தி இப்படிப் பயந்ததில்லை.